ஜெர்மனியில் ஐடி நேர்காணல்: சான்சன்கார்ட்டேயில் வந்திருப்பவர்களுக்கு

சான்சன்கார்ட்டேயில், அதாவது வேலை தேடுவதற்காக ஜெர்மனி தரும் அனுமதியில், இங்கே வந்திறங்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது லீட்கோட் (கோடிங் புதிர்களைப் பயிற்சி செய்யும் தளம்) எவ்வளவு போட வேண்டும் என்றுதான். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளுக்கு அது தேவைப்படும். நடுத்தர ஜெர்மன் நிறுவனங்களில் பல இடங்களில் வேறு மாதிரி நடக்கிறது, அதை விவரமாகச் சொல்கிறேன்.

பெர்லினில் பணப் பரிமாற்றம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். முதலில் ரெக்ரூட்டர் போன், அப்புறம் வீட்டில் செய்து அனுப்பும் ஒரு சின்ன ப்ராஜெக்ட், அடுத்தது அதில் எழுதிய நிரலை வைத்து ஒரு நீண்ட பேச்சு. நேர்காணல் செய்தவர் என் நிரலைத் திரையில் திறந்து, ரிட்ரை (தோற்றால் மறுபடி முயல்வது) எழுதியிருந்த வரியில் கர்சரை நிறுத்தி, "வங்கி பணத்தை எடுத்துவிட்டது, பதில் மட்டும் உங்களுக்கு வரவில்லை, நீங்கள் மறுபடி அனுப்புகிறீர்கள், இப்போது என்ன ஆகும்?" என்று கேட்டார். ஐடெம்பொடென்சி கீ, அதாவது ஒரே கோரிக்கை மறுபடி வந்தாலும் ஒருமுறைதான் நடக்கும்படி அதோடு அனுப்பும் தனி அடையாளம், பற்றிச் சொன்னேன். அந்தக் கீயை யார் உருவாக்குவது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, ஒரே கோரிக்கை இரண்டு சர்வருக்கு ஒரே நேரத்தில் போனால் டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை பதிவாகாதபடி வைக்கும் விதி) எப்படித் தடுக்கும் என்று பேச்சு இதிலேயே சுற்றி வந்தது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கையில் இருக்கட்டும். பதில் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசிக்காதீர்கள், யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள், அவர்கள் பார்க்க வந்ததே அதைத்தான்.

அனுபவம் பற்றிக் கேட்கும்போதும் இப்படித்தான். சென்னையில் பெரிய டீமில் இருந்தவர்களுக்கு எல்லாவற்றையும் டீம் செய்ததாகச் சொல்லியே பழக்கம், அது நல்ல குணம்தான், ஆனால் எதிரே இருப்பவருக்கு உங்கள் பங்கு என்னவென்று புரியாது. நீங்களே எடுத்த முடிவு எது, ஏன் எடுத்தீர்கள், பிறகு எது உடைந்தது, மூன்றையும் தயாராக வைத்திருங்கள்.

சம்பளம் முதல் போனிலேயே வந்துவிடும். இந்தியாவில் வாங்கியதைச் சொல்லி அதன்மேல் இத்தனை சதவீதம் என்று பேரம் பேச வேண்டாம், ஆண்டுக்கு இவ்வளவு ப்ரூட்டோ (வரி, காப்பீடு பிடிப்பதற்கு முந்தைய சம்பளம்) என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். தனியாக இருப்பவருக்கு 60,000 யூரோ என்றால் வரி, காப்பீடு எல்லாம் போக மாதம் கைக்கு ஏறத்தாழ 3,100 முதல் 3,200 யூரோ வரும்.

விசா விஷயத்தையும் அதே போனில் போட்டு உடையுங்கள், கடைசிச் சுற்று வரை மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ப்ளூ கார்டுக்கு (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை, வசிப்பு அனுமதி) ஐடி வேலையில் 2025-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோவாக இருந்தது, இது ஆண்டுதோறும் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். உங்கள் கல்லூரி அனாபின் (வெளிநாட்டுக் கல்லூரி, பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் தளம்) பட்டியலில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், ரெக்ரூட்டர் கேட்டவுடன் அனுப்பலாம்.

ஒப்பந்தம் வந்தால் ப்ரோபேட்சைட் (தகுதிகாண் காலம்) வரியைத் தேடிப் படியுங்கள். பொதுவாக ஆறு மாதம், அதற்குள் இரண்டு பக்கமும் இரண்டு வார நோட்டீஸில் விலகலாம். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பள்ளி மாற்றி அழைத்து வரும் எண்ணம் இருந்தால், முடிந்தவரை அந்த ஆறு மாதம் கழிந்தபின் டிக்கெட் போடுங்கள்.