லேப்டாப்ல ஐ7 பிராசசர் போட்டும் கேம்ல ஸ்பீடு விழுது, உதவி வேணும்

கடலூர் மஞ்சக்குப்பம். 2014ல வாங்குன கேமிங் லேப்டாப், பிராசசர் கழட்டி மாட்டற சாக்கெட்ல இருக்கறதால ஐ5-4200எம் கழட்டிட்டு செகண்ட்ஹேண்ட் ஐ7-4710எம்க்யூ போட்டேன், விண்டோஸ்ல 4 கோரும் காட்டுது, ஆனா கேம் ஓப்பன் பண்ண கொஞ்ச நேரத்துல கிளாக் (பிராசசர் ஓடற வேகம்) 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கயே நிக்குது. சூடு 75 டிகிரி தாண்டல. புது தெர்மல் பேஸ்ட், ஃபேன் கிளீனிங், பயாஸ் அப்டேட் எல்லாம் பாத்தாச்சு. பழைய ஐ5 திரும்ப மாட்டுனா ஒழுங்கா ஓடுது. பாண்டில ஒரு கடையில காட்டுனா புதுசு வாங்கிக்கோங்கறாங்க, தம்பி காலேஜ் ப்ராஜெக்ட்டும் இதுலதான் ஓடுது, இப்ப புதுசுக்கெல்லாம் வழியே இல்லங்க. பவர் பத்தலையோன்னு சந்தேகம்: பழைய பிராசசர் 37 வாட், இது 47, சார்ஜரோ 90 வாட்தான், கிராபிக்ஸ் ஜிடிஎக்ஸ் 850எம், பேட்டரியும் செத்துப்போச்சு.

120 வாட் சார்ஜர் மாத்துனா சரியாகுமா, இல்ல 37 வாட் ஐ7-4702எம்க்யூதான் தேடணுமா?