முந்தியில் அன்னம் நீண்டு வருகிறது: கிம்ப்பில் வரைந்த டிசைனைத் தறிக்கு எப்படிக் கொண்டுபோவது?

இளந்தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறார். குழித்தறி, மேலே 240 ஹூக் ஜக்கார்டு பெட்டி (ஓட்டை போட்ட அட்டைப்படி, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கும் கருவி; தூக்குகிற கொக்கிதான் ஹூக்). அவருக்கு வழக்கமாக கிராப் (கட்டத் தாளில் டிசைன்) போட்டுக் கொடுத்தவருக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. அதனால் முந்திக்கான டிசைனை நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறேன். கிம்ப் மென்பொருளில் 120க்கு 120 கட்டத்தில் ஓர் அன்னம் வரைந்தேன். திரையில் நன்றாகத்தான் இருந்தது. படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி, அட்டை அடித்து வாங்கி, மாமா மாதிரிக்குக் கொஞ்சம் நெய்து பார்த்தார். மூன்று பிரச்சினை.

ஒன்று, அன்னம் கொக்கு மாதிரி நீண்டுவிட்டது. அகலம் 2 அங்குலம், உயரம் 3 அங்குலம். இரண்டு, உடம்புப் பகுதியில் ஜரிகை பிடிப்பே இல்லாமல் தொங்குகிறது, விரல் நகம் பட்டால் இழுபடுகிறது. மூன்று, கழுத்து ஓரத்திலும் இறகு ஓரத்திலும் நான் வைக்காத புள்ளிகள் வந்திருக்கின்றன.

தறி விவரம்: ஒரு ஹூக்குக்கு இரண்டு பாவு இழை. 240 ஹூக்கும் சேர்ந்து 4 அங்குலம். அதே டிசைன் குறுக்கே திரும்பத் திரும்ப வரும். அங்குலத்துக்கு 80 ஊடை (குறுக்கே ஓடும் இழை) என்று மாமா சொல்கிறார். எங்கே சரி செய்ய வேண்டும்?

கிராப்தாள் எழுதியது:

முதலில் ஒரு கேள்வி. 80 ஊடை என்பது பட்டும் ஜரிகையும் சேர்த்தா, ஜரிகை மட்டுமா?

இளந்தறி எழுதியது:

கேட்டுவிட்டேன் அண்ணா. சேர்த்துத்தான் 80. ஒரு ஜரிகை ஊடை, அடுத்து ஒரு பட்டு ஊடை. பட்டு ஊடைக்கு அட்டை கிடையாது, மிதியிலேயே ஓடுகிறது.

கிராப்தாள் எழுதியது:

அப்படியானால் கணக்கு நேராக வந்துவிடுகிறது. அட்டை பேசுவது ஜரிகை ஊடையோடு மட்டும்தான். அங்குலத்துக்கு 40 ஜரிகை ஊடை. குறுக்கே 4 அங்குலத்தில் 240 ஹூக், அதாவது அங்குலத்துக்கு 60. உங்கள் அன்னம் 120 ஹூக் அகலம், 2 அங்குலம். 120 ஜரிகை ஊடை உயரம், 3 அங்குலம். மாமாவின் தறி நீங்கள் கொடுத்ததை அப்படியே நெய்திருக்கிறது.

திரையில் ஒரு புள்ளி சதுரம். துணியில் ஒரு புள்ளி சதுரம் இல்லை. பழைய டிசைனர்கள் இதைத் தாளிலேயே தீர்த்துவிட்டார்கள். கிராப் தாள் 8க்கு 8, 8க்கு 10, 8க்கு 12 என்று வெவ்வேறு கட்ட அளவில் அச்சிட்டு வரும். தறியின் இழைக் கணக்கைப் பார்த்து அதற்கேற்ற தாளை எடுத்துக்கொண்டுதான் பென்சிலைத் தொடுவார்கள். தாளில் அழகாகத் தெரிந்தால் துணியிலும் அதே வடிவம். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாளை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கிம்ப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. இமேஜ் மெனுவில் பிரின்ட் சைஸ் போங்கள். எக்ஸ், ஒய் இரண்டு ரெசல்யூஷனையும் பூட்டி வைத்திருக்கும் சங்கிலியைக் கழற்றுங்கள். எக்ஸ் 60, ஒய் 40 என்று போடுங்கள். அப்புறம் வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது திரையில் ஒவ்வொரு புள்ளியும் தறியில் வருகிற மாதிரி உயரமாகத் தெரியும். உங்கள் அன்னமும் நெய்து வந்தபடியே நீண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே திருத்தலாம்.

உயரத்தை 120லிருந்து 80க்குக் குறைக்க வேண்டும். ஆனால் ஸ்கேல் கட்டளையில் அழுத்தி 80 ஆக்கிவிட்டு அப்படியே அட்டைக்கு அனுப்பாதீர்கள். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை காணாமல் போகும். ஒற்றை ஊடையில் வரைந்த அலகும், இறகுக் கோடும் இருக்கிற இடம் தெரியாது. அழுத்திய படத்தை அடியில் ஒரு லேயராக மங்கலாக வைத்துக்கொண்டு, மேலே கையால் புள்ளி புள்ளியாக வரையுங்கள். அன்னத்தின் கண்ணுக்கு 3 ஹூக் அகலம், 2 ஜரிகை ஊடை உயரம் விட்டால் உங்கள் தறியில் சரியான சதுரம். கழுத்து வளைவில் எந்த இடத்தில் ஒரு ஹூக் தள்ள வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் நமக்காக முடிவு செய்யாது. அதுதான் டிசைனரின் வேலை, அதில் நேரம் செலவழியுங்கள்.

அட்டைக்காரர் எழுதியது:

மூன்றாவது பிரச்சினைக்கு நான் சொல்கிறேன், எனக்குத் தினமும் வருகிற தலைவலி. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல் புள்ளிகள் முளைக்கும். எங்கள் மெஷினுக்கு ஓட்டை உண்டு, இல்லை என்று இரண்டுதான் தெரியும். சாம்பலை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடும். நீங்கள் வைக்காத புள்ளி வந்தது அப்படித்தான்.

வரையும்போது பிரஷ் வேண்டாம், பென்சில் கருவியை எடுங்கள். பிரஷ் ஓரத்தை மெழுகிவிடும். முடித்ததும் இமேஜ் மெனுவில் மோட், அதில் இன்டெக்ஸ்டு, கருப்பு வெள்ளை மட்டும், டிதரிங் (நிறத்தைப் புள்ளிகளாகச் சிதறடிப்பது) வேண்டாம். பிஎம்பி அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று. அனுப்பும்போது கருப்புக்கு ஓட்டையா, வெள்ளைக்கு ஓட்டையா என்று எழுதிவிடுங்கள். ஓட்டை இருந்தால் ஹூக் ஏறும், பாவு மேலே போகும், ஜரிகை அதற்கு அடியில் போகும். துணியின் முகம் மேலே பார்க்க நெய்கிறாரா, கீழே பார்க்க நெய்கிறாரா என்பதைப் பொறுத்து இது தலைகீழாகும். முதல் ஹூக் இடமா வலமா என்றும் சொல்லுங்கள். சமச்சீரான பூவுக்குப் பரவாயில்லை, அன்னம் திரும்பி நிற்குமே.

பிள்ளையார்பாளையம் தறி எழுதியது:

பாப்பா, ஜரிகை தொங்குவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நீ உடம்பு முழுக்க ஒரே கருப்பாக நிரப்பியிருப்பாய். திரையில் அது நிறம். தறியில் அது கட்டே இல்லாத ஜரிகை. உடம்பு ஓர் அங்குல அகலம் என்றால் 60 ஹூக் தூரத்துக்கு ஜரிகையைப் பிடித்துக்கொள்ள ஓர் இழைகூட இல்லை. வளையல் பட்டால் போதும், புடவை போச்சு. கால் அங்குலத்துக்கு மேல் ஜரிகையைச் சும்மா விடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உன் தறிக்கு அது 15 ஹூக். நான் இன்னும் நெருக்கமாகவே வைப்பேன்.

சுலபமான வழி, 8 ஹூக்குக்கு ஒரு கட்டுப் புள்ளி, அதாவது பாவு மேலே வந்து ஜரிகையைப் பிடிக்கிற இடம். அடுத்த ஜரிகை ஊடையில் அதை 3 ஹூக் தள்ளி வை, அதற்கடுத்ததில் இன்னும் 3. நேர் மேலே நேர் மேலே வைத்தால் உடம்பில் வரி விழும், தூரத்திலிருந்தே தெரியும்.

ஆனால் அன்னத்துக்கு இப்படி ஒரே சீராக நிரப்புவது எனக்குப் பிடிக்காது. பழைய முந்திகளை எடுத்துப் பார். கட்டுப் புள்ளியையே இறகாக வரிசைப்படுத்தி இருப்பார்கள். கழுத்தில் செதில் மாதிரி, இறக்கையில் சாய்ந்த கோடாக, வாலில் சுருளாக. ஜரிகைக்குப் பிடிப்பும் ஆச்சு, அன்னத்துக்கு உயிரும் வந்தாச்சு. உன் வீட்டில் பழைய புடவை இருந்தால் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கட்டாக எண்ணிப் பார். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் அடை (டிசைனுக்கேற்பப் பாவைத் தூக்கும் நூல் அமைப்பு) கட்டி, பக்கத்தில் ஒருவர் நின்று நூலை இழுக்க நெய்த காலத்திலேயே இந்த நுணுக்கமெல்லாம் இருந்தது.

கிராப்தாள் எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். கட்டுப் புள்ளிக்குத் தனி லேயர் வைத்தால் அழித்து அழித்துப் போட்டுப் பார்க்க வசதி.

புது அட்டைக்கு முன்னால் ஒரு சோதனைக் கட்டம் நெய்யச் சொல்லுங்கள். 60 ஹூக், 40 ஜரிகை ஊடை, ஒரு மூலையில் மட்டும் சாய்ந்த கோடு. சதுரம் சரியா, இடம் வலம் சரியா, ஓட்டை சரியா, எல்லாம் அதிலேயே தெரியும். பாவின் இழுவையைத் தளர்த்திய பிறகு அளக்க வேண்டும்.

டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனின் டிஜிபுனாய் என்கிற திறமூல மென்பொருளும் இருக்கிறது, ஜக்கார்டுக்கும் டாபிக்கும் (சின்ன டிசைனுக்கான எளிய கருவி) என்றே செய்தது. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலும் ஒரு தடவை போய்க் கேளுங்கள்.

இளந்தறி எழுதியது:

சோதனைக் கட்டம் நெய்தாச்சு. இழுவையில் இருக்கும்போது சரியாக ஓர் அங்குலம். தளர்த்தியதும் அகலம் அப்படியே இருக்க, உயரம் 0.95 அங்குலத்துக்கு வந்துவிட்டது. சாய்ந்த கோடு எதிர் மூலையில் வந்தது, அதையும் அட்டைக்காரர் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். உயரத்தை என்ன செய்வது?

கிராப்தாள் எழுதியது:

அப்படியானால் அங்குலத்துக்கு 42 ஜரிகை ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட் சைஸில் ஒய் 42 ஆக மாற்றுங்கள். 2 அங்குல அன்னத்துக்கு 84 ஊடை, 84 அட்டை. இந்த எண் மாமாவின் கைக்கும் இந்த ஜரிகைக்கும் மட்டும்தான் பொருந்தும். ஊடையை நெருக்கும் பலகையை வேறொருவர் அடித்தாலோ ஜரிகை மாறினாலோ திரும்ப ஒரு கட்டம் நெய்து அளக்க வேண்டும்.

இளந்தறி எழுதியது:

84க்கு மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன். பாட்டியின் கல்யாணப் புடவை முந்தியில் அன்னம் இருக்கிறது. இறக்கையில் கட்டுகள் ஒன்றுக்கு ஒன்று இரண்டிரண்டு இழை தள்ளிச் சாய்ந்து போகின்றன, வால் பக்கம் வந்ததும் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மாமாவுக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

பிள்ளையார்பாளையம் தறி எழுதியது:

நல்லது பாப்பா. திரும்புகிற இடத்தில் மட்டும் கவனம். அங்கே இரண்டு கட்டுக்கு நடுவில் இடைவெளி அதிகமாகிவிடும். எண்ணிப் பார்த்து ஒரு புள்ளி கூடுதலாக வை. அட்டைக்கு அனுப்புவதற்கு முன்னால் படத்தை இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.