நுனி மட்டும் ஊதாவா இருந்தா அதுவும் வெள்ளெருக்கா?

கேள்வி: பிள்ளையார்பட்டி பக்கம் செம்மண் பொட்டல்ல ரெண்டு எருக்கஞ்செடி நிக்குது. ஒண்ணுல பூ முழு வெள்ளை. இன்னொண்ணுல வெள்ளை இதழ், நுனி மட்டும் கருஊதா. ரெண்டும் ஒரே இனமா?

பதில் 1: இல்லைங்க, ரெண்டு இனம். ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க. ஊருணிக் கரையில நிக்கிற சாதாரண எருக்கு, அதாவது கலோட்ராபிஸ் ஜைகான்டியா, ஊதாவாவும் பூக்கும், சுத்த வெள்ளையாவும் பூக்கும். பிள்ளையாருக்கு மாலை கட்டத் தேடுற வெள்ளெருக்கு பெரும்பாலும் இதோட வெள்ளை வகைதான். நுனி ஊதாவா இருக்கிறது கலோட்ராபிஸ் புரோசெரா, இன்னொரு எருக்கு இனம். அதுல இதழ் கிண்ணம் மாதிரி நிமிர்ந்து நிக்கும், பூ சுமார் 2 செ.மீ. ஜைகான்டியா இதழ் விரிஞ்சு பின்னால மடங்கும், 3 செ.மீ.க்கு மேல போகும்.

பதில் 2: வாடின பூவுல இதழ் ஏமாத்திரும். நடுவுல இருக்கிற அஞ்சு மடல் கிரீடத்தை 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. ஜைகான்டியாவுல மடல், பூ நடுவுல இருக்கிற தலையை (மகரந்தமும் சூல்முடியும் சேர்ந்த பகுதி) விடக் குட்டை. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ரெண்டு பக்கமும் காது மாதிரி புடைப்பு. புரோசெராவுல மடல் அந்தத் தலை உயரத்துக்கு வரும், காது கிடையாது. பூவே இல்லைன்னா மொட்டு போதும்: முட்டை வடிவம்னா ஜைகான்டியா, உருண்டைன்னா புரோசெரா.

பறிச்ச கையால கண்ணைத் தொட்டுராதீங்க. எருக்கம்பால் பட்டா வலியே இல்லாம பார்வை மங்கும், அதனாலயே அலட்சியமா விட்டுருவாங்க. உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவிட்டு கண் டாக்டரைப் பாக்கணும்.

கேட்டவர்: ரெண்டாவது செடியில மொட்டு உருண்டை, காது இல்லை. புரோசெராதான். நன்றி.