சுகாதாரத் துறைக்குத் தனிச் சட்டமன்றக் குழு வேண்டுமா?

அணைக்கட்டான்:
2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். அந்த வாரம் முழுக்க நாடே பேசியது. அதன்பிறகு விடாமல் கேள்வி கேட்கும் பொறுப்பு யாருடையது? நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு துறையின் வேலையையும் தொடர்ந்து ஆராயும் உறுப்பினர் குழுக்கள், அதாவது துறைவாரி நிலைக்குழுக்கள், 1993 முதல் இருக்கின்றன, கேரளத்தில் 1980 முதலே. நம் தமிழ்நாட்டுப் பேரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கென்று அப்படியொரு குழு இல்லை. அமைக்க வேண்டும் என்கிறேன்.

பாலாற்றங்கரை:
தம்பி, குழுவுக்கா பஞ்சம்? பொதுக் கணக்கு, மதிப்பீடு, உறுதிமொழி, மனுக்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குழு வருகிறது என்றால் முதல் நாளே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். டாக்டர் புறநோயாளிகளை விட்டுவிட்டுக் கோப்போடு நிற்பார். அதோடு, அல்லேரியில் சிக்கல் பாம்புக்கடி ஊசி மருந்தில் இல்லை, காட்டு வழியில். 2006 வன உரிமைச் சட்டப்படி கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தில் சாலை போட மாவட்ட வன அலுவலரே அனுமதி தரலாம். கிராமசபையை விட்டுவிட்டுச் சென்னைக்கு ஏன் ஓட வேண்டும்?

அணைக்கட்டான்:
கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா. மூன்று மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேர் சுமார் 3.3 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் ஒப்புதல். வனம், ஊரக வளர்ச்சி, நல்வாழ்வு என மூன்று துறைச் செயலர்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரம் கிராமசபைக்கு உண்டா? பேரவைக்கு உண்டு.

மருந்தாளுநர்:
நான் மருந்து வழங்கும் இடத்தில் நிற்பவள், அதனால் சொல்கிறேன். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. அது அரசு நிறுவனம், ஆகவே பொது நிறுவனங்கள் குழுவின் கீழ் வரும். மருத்துவமனைச் செலவு பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு உறுதிமொழிக் குழுவுக்கு. ஒரு மருந்து ஏன் வரவில்லை என்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க ஆள் இல்லை. தணிக்கை அறிக்கை வருவதற்குள் காலம் ஓடிவிடுகிறது, அந்த மருந்துக்காக வந்தவர் அதுவரை காத்திருப்பாரா?

பாலாற்றங்கரை:
அம்மா சொல்வது சரி, துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. ஆனால் குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதுக் குழு மட்டும் எப்படி மாறும்?

அணைக்கட்டான்:
சொல்லாமல் கொள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். சாட்சியம் கேட்பதைப் பொதுவில் நடத்தட்டும். துறை தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையை, வாக்கெடுப்புக்கு முன்பே குழு பார்க்கட்டும். கேரளத்தில் அந்த வழக்கம் இருக்கிறது. பணம் ஒதுக்கும் முன் கேட்டால்தான் பதில் வரும்.

பாலாற்றங்கரை:
முன்னறிவிப்பில்லாமல் போவார்கள் என்றால் எனக்கும் சம்மதம். குழு அமையும் வரை சும்மா இருக்காதீர்கள். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் போட்டு, நகலை மனுக்கள் குழுவுக்கு அனுப்புங்கள்.

அணைக்கட்டான்:
அனுப்புகிறோம் ஐயா. ஆனால் மனு எழுத ஆள் இல்லாத மலையூர்களும் இருக்கின்றன. கேட்காமலேயே வந்து பார்க்கும் குழு அவர்களுக்குத்தான் வேண்டும்.