பொருள்: பன்றிகளில் விட்டகலாத நச்சுயிரித் (வைரஸ்) தொற்று – ‘தங்குதொற்று’ என்னும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

ஒசூர், ஆனேக்கல் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளில் வேலை செய்யும் தமிழர்களுக்காகப் பெங்களூரில் நாங்கள் சிலர் எழுதிவரும் தடுப்பூசிக் கையேட்டில் ‘பெர்சிஸ்டன்ட் இன்ஃபெக்‌ஷன்’ என்பதற்கு, அதாவது உடலை விட்டகலாமல் இருக்கும் தொற்றுக்கு, இக்குழுவில் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். நாள்பட்ட தொற்று, நீடித்த தொற்று, நிலைத்தொற்று, உறைதொற்று என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நன்றி. இவற்றை நோய்களோடு பொருத்திப் பார்த்தபின், ‘தங்குதொற்று’ என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹாக் காலரா என்று முன்பு அழைக்கப்பட்ட பன்றிக் காய்ச்சலை எடுத்துக்கொள்கிறேன். (2009இல் மனிதர்களிடையே பரவிய இன்ஃபுளுவென்சாவுக்கும் நாளிதழ்கள் இதே பெயரைச் சூட்டிவிட்டன, அந்தக் குழப்பத்தைத் தனி இழையில் தீர்க்க வேண்டும்.) பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். அதில் 50 முதல் 70ஆம் நாளுக்குள் தாய்க்கு இந்நோய் தொற்றினால், கருவிலிருக்கும் குட்டியின் நோயெதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிராத நிலையில் நச்சுயிரியைச் சந்திக்கிறது. அதை அயலாகக் கருதாமல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு பிறக்கும் குட்டி தொடக்கத்தில் நலமாகவே தோன்றும். பால் குடிக்கும், ஓடியாடும். ஆனால் அதன் குருதியில் நச்சுயிரி ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும். எச்சிலிலும் மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிக் கொட்டில் முழுவதற்கும் பரவும். சில மாதங்கள் கழித்தே அது நலிந்து இறக்கிறது. இந்தக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை, ஏனெனில் அதன் உடல் எதிர்த்துப் போரிடவே முன்வராது. காக்க வேண்டியது தாயைத்தான். அதுவும் சினைப்படுவதற்கு முன்பே.

‘நாள்பட்ட தொற்று’ இதனால்தான் பொருந்தவில்லை. பிறந்தபின் தொற்றுக்கு ஆளாகி, காய்ச்சலும் கழிச்சலும் விட்டுவிட்டு வர, இரண்டு மூன்று மாதம் இழுத்துக்கொண்டு சாகும் பன்றியும் இதே நோயில் உண்டு. ‘நாள்பட்ட’ என்பது அதற்கு ஏற்கெனவே உரிய சொல். அதை இதற்கும் வைத்தால், கையேட்டைப் படிப்பவர் மெலிந்து தள்ளாடும் பன்றியைத் தேடுவார். ஆபத்தான குட்டியோ கொழுகொழுவென்று அவர் காலடியில் நிற்கும்.

‘நீடித்த தொற்று’ விளக்கத்துக்கு உதவும், சொல்லாக நிற்காது. இறந்தகாலப் பெயரெச்சமான ‘நீடித்த’ என்பதை இன்று பிறந்த குட்டிக்கு எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு ‘நீடித்த வளர்ச்சி’ என்னும் வழக்கு அச்சொல்லை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ‘உறைதொற்று’ அழகிய சொல்; உறைவிடம் என்பதில் வரும் பழைய ‘உறை’ அது. ஆனால் உறையவைத்து உலர்த்திய மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது பற்றிப் பேசும் அதே பக்கத்தில் அச்சொல் வந்தால், பண்ணையாள் பனிக்கட்டியைத்தான் நினைப்பார்.

மும்பை நண்பர் ‘நிலைத்தொற்று’க்காக வலுவாக வாதிட்டிருந்தார். தங்குதல் என்றால் விடுதியில் தங்கிவிட்டுப் போவதைப் போல இருக்கிறது, இத்தொற்று போவதில்லையே என்பது அவருடைய மறுப்பு. அதையே நான் என் பக்கத்து வாதமாக எடுத்துக்கொள்கிறேன். 1980களின் இறுதியில் வட அமெரிக்காவில் தலைகாட்டி, 2013இல் மிசோரத்தில் முதன்முறையாக நம் நாட்டில் கண்டறியப்பட்ட பன்றிகளின் இனப்பெருக்க – சுவாச நோய்க்குறித் தொகுதி (பி.ஆர்.ஆர்.எஸ்.) என்னும் நோயின் நச்சுயிரி, டான்சிலிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஐந்து மாதங்கள் வரைகூட இருந்துவிட்டு, பெரும்பாலான பன்றிகளில் இறுதியில் அகன்றுவிடுகிறது. அது தங்குவதுதான், நிலைப்பதன்று. மேலும், அந்நோய்க்கான வீரியம் குறைத்த உயிர்த்தடுப்பூசியின் நச்சுயிரியே ஊசி போட்ட பன்றியில் பல வாரம் தங்கி, பக்கத்துப் பன்றிக்குத் தொற்றக்கூடும். 1996இல் டென்மார்க்கில் தடுப்பூசி நச்சுயிரி, ஊசி போடாத மந்தைகளுக்கும் பரவியது பதிவாகியுள்ளது. இதற்கும் ‘தங்கு’ என்பதே பொருந்துகிறது, ‘நிலை’ மிகையாகிவிடும். ‘தொற்றுநிலை’ என்று நோயின் கட்டங்களைக் குறிக்க நாம் முன்பே வைத்திருப்பதையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை இது வினைத்தொகை: தங்கிய தொற்று, தங்குகின்ற தொற்று, தங்கும் தொற்று ஆகிய மூன்றும் அதில் அடங்கும். கருவில் தொடங்கி, இன்றும் இருந்து, இனியும் இருக்கப்போகும் ஒன்றைச் சுட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்? வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘தங்குத்தொற்று’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து விலக்கிவைக்கிறேன். பன்றிகளைத் தாக்கும் மற்றொரு நோயான ஆவ்ஜெஸ்கி நோயின் ஹெர்ப்பிஸ் வகை நச்சுயிரி, முகத்துக்குச் செல்லும் முப்பெருநரம்பின் முடிச்சில் பெருகாமல் ஒடுங்கிக் கிடந்து, ஈனும்போதோ வண்டியில் ஏற்றிச் செல்லும்போதோ அலைச்சலால் மீண்டும் கிளம்புகிறது. பெருகாமல் கிடப்பதற்குப் ‘பதுங்குதொற்று’ பொருந்தும். பதுங்குகுழி என்பது மக்கள் அறிந்த சொல்லே. இந்நோயின் தடுப்பூசியில் கிளைகோபுரதம் ஈ என்னும் ஒரு புரதத்தை வேண்டுமென்றே நீக்கியிருப்பார்கள். அப்புரதத்துக்கு எதிர்ப்புப்பொருள் இருந்தால் அந்தப் பன்றிக்கு உண்மையான தொற்று நேர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஊசி மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கொண்டு நோயுள்ள பன்றிகளைக் களைந்தே அமெரிக்க வணிகப் பண்ணைகள் 2004இல் இந்நோயிலிருந்து விடுபட்டன. அத்தகைய ஊசிக்குப் ‘பிரித்தறி தடுப்பூசி’ என்று எழுதியிருக்கிறேன். யாருக்கேனும் மறுப்பு இருந்தால் கூறலாம்.

‘தடுப்பூசி’யையே எதிர்த்துத் தில்லி அன்பர் எழுதியதற்கும் ஒரு வரி. ஜெர்மனியில் காட்டுப்பன்றிகளுக்கு இரைக்குள் வைத்து வாய்வழியாகக் கொடுத்த மருந்தில் ஊசியே இல்லை என்பது சரிதான். அவ்விடத்தில் மட்டும் ‘தடுப்புமருந்து’ என்று மாற்றிவிட்டேன். கொட்டிலில் எல்லோரும் ஊசி என்றே சொல்வதால் மற்ற இடங்களில் கைவைக்கவில்லை.

தீராமல் இருப்பது, நோய் தெரியாமல் நச்சுயிரியைச் சுமக்கும் விலங்கைக் குறிக்கும் பெயர். ‘கடத்தி’ என்பது உண்ணி, கொசு முதலியவற்றுக்குப் போய்விட்டது. இலங்கை வழக்கில் உள்ள ‘காவி’யை எடுத்துக்கொள்ளலாம் என்றால், இங்கே அது முதலில் நிறத்தையே நினைவூட்டுகிறது. ‘தொற்றுசுமப்பி’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், நாவில் இடறினாலும். கையேடு அச்சுக்குப் போகுமுன் இதைவிட நல்லதொரு சொல்லை யாராவது தந்தால் மாற்றிக்கொள்வேன்.