மலை கடந்து கடலோரமாகச் சுற்றி வரும் ஆறு நாள் கார்ப் பயணம்: நேரக் கணக்கும் பிரேக்கும் உதைக்கின்றன, உதவி தேவை

கேள்வி

குடும்பத்தில் நால்வர், ஒரே கார், ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். மலைத்தொடரைக் கடந்து கடற்கரையில் இறங்கி, கடலோரமாகச் சென்று, வேறொரு கணவாய் வழியாகத் திரும்பும் சுற்று ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். மொத்தம் 1,200 கிலோமீட்டர் என்பதால் நாளொன்றுக்கு 200 என்று சமமாகப் பிரித்தேன். ஆனால் சென்ற மாதம் வெள்ளோட்டமாக மலைப்பாதையில் 90 கிலோமீட்டர் ஓட்டியபோது, வரைபடச் செயலி இரண்டரை மணி நேரம் என்று காட்டிய தொலைவுக்கு நான்கரை மணி நேரம் ஆயிற்று. இறக்கத்தில் தீய்ந்த வாடை வந்ததுடன், பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. சமவெளிக்கு வந்து சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. பின்னிருக்கையில் மகள் இருமுறை வாந்தி எடுத்தாள். பிழை திட்டத்திலா, வண்டியிலா, என்னிடமா?

பதில் 1

முதலில் பிரேக்கைப் பார்ப்போம், ஏனெனில் மற்றவை வெறும் சிரமங்கள்; இது ஆபத்து. எந்தக் கியரில் இறங்கினீர்கள்? பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்?

கேட்டவர்

பெரும்பாலும் நான்காவது கியர். நீண்ட நேரான இறக்கங்களில் எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டேன். பிரேக் ஆயிலை, வண்டி வாங்கிய நான்கு ஆண்டுகளில், மாற்றியதே இல்லை.

பதில் 1

விடை கிடைத்துவிட்டது. நியூட்ரலில் விட்டால் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்; அந்த வேகம் முழுவதும் வெப்பமாக மாறிப் பிரேக் தட்டுகளில் சேரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 155 பாகைதான். கொதித்துக் குமிழி உண்டானால் நீங்கள் மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதில் வீணாகிறது. மிதி ஆழமாக இறங்கியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆறியதும் சரியானது போலத் தோன்றுவதுதான் இதில் ஏமாற்றும் பகுதி.

எரிபொருள் மிச்சம் என்பதும் பழைய நம்பிக்கையே. இக்கால இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் தெளிப்பே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலிலோ என்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் செலவாகும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு மாறி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், விட்டுவிட்டு உறுதியாக மிதியுங்கள். மீண்டும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்; சூடான தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். புறப்படுமுன் ஆயிலை மாற்றி, பிரேக் பட்டைகளின் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2

செயலி காட்டியது சக்கரம் சுழலும் நேரத்தை மட்டும். காட்சிமுனையில் நின்றதும், மகளுக்காக நிறுத்தியதும், லாரியின் பின்னால் ஊர்ந்ததும் அதில் இல்லை. மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடுவதே தவறு என்பேன்; நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே ஓட்டுநர் என்பதால் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், மலைநாள்களுக்கு 80, கடலோர நாள்களுக்கு 220 என்று பிரித்தால் மூன்றும் மூன்றுமாக 900 கிலோமீட்டர்தான் வரும். மீதி 300-ஐ வெட்டுங்கள், அல்லது இரண்டு நாள் கூட்டுங்கள்.

மகளை முன்னிருக்கையில் உட்காரவைக்கும் வயது என்றால் அங்கே மாற்றி, தொலைவிலுள்ள சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் அசைவில்லை என்றும் காதின் உட்பகுதி அசைகிறது என்றும் சொல்லும் முரண்தான் குமட்டல். கைபேசி பார்ப்பது அதை வளர்க்கும்.

பதில் 3

சுற்றின் திசையை யாரும் கேட்கவில்லை. வண்டிகள் இடப்புறம் செல்லும் நாட்டில் கடல் இடப்பக்கம் வருமாறு ஓட்டினால், எதிர்வரிசையைக் குறுக்காகக் கடக்காமலே நிறுத்துமிடங்களுக்குள் நுழையலாம். கணவாயை முற்பகலில் கடந்துவிடுங்கள்: பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து முகிலாகிச் சாலையை மூடும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் ஒளி திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீமே போதும். மலையேறுமுன் டேங்கை நிரப்புங்கள். வரைபடத்தைக் கைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

ஆயிலை மாற்றிவிட்டேன், வெளியே எடுத்தது தேநீர் நிறத்தில் இருந்தது. அதே 90 கிலோமீட்டரை நேற்று இரண்டாவது கியரில் இறங்கிப் பார்த்தேன், வாடையும் இல்லை, மிதியும் இறங்கவில்லை. சுற்றின் திசையை மாற்றி, தெற்கு முனையைக் கைவிட்டு, 900 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டேன். முன்னிருக்கையை விட்டுக்கொடுக்க மனைவிதான் இன்னும் சம்மதிக்கவில்லை.