முதல் ரிவால்வர்: .22 எடுப்பதா, .357 எடுப்பதா?

கேள்வி: 25 மீட்டரில் காகித இலக்கைச் சுட மட்டுமே ரிவால்வர் வேண்டும். .22 எல்ஆர் (சிறிய தோட்டா) போதுமா, .357 மேக்னமே (வலிமையான பெரிய தோட்டா) வாங்கிவிடலாமா? பேரல் 4 அங்குலமா, 6 அங்குலமா?

பதில் 1: .22 தான், யோசிக்கவே வேண்டாம். உதைப்பு குறைவு என்பதால் ட்ரிக்கரை இழுக்கும்போது கை செய்யும் தவறு தெளிவாகத் தெரியும். பெரிய தோட்டாவில் தொடங்கினால், வெடிக்கும் முன்பே மணிக்கட்டைத் தாழ்த்தும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்குவது பெரும்பாடு. 6 அங்குலமே நல்லது: முன்குறிக்கும் பின்குறிக்கும் (பேரல் முனையிலும் பின்புறத்திலும் உள்ள குறிபார்க்கும் பாகங்கள்) இடைவெளி கூடினால் குறிபார்க்கும் பிழை குறையும். பின்குறி திருகி நகர்த்தக்கூடியதாக இருக்கட்டும். ஸ்மித் அண்ட் வெஸன் 617 என்ற .22 ரிவால்வர் கனமான எஃகு. அந்தக் கனம் கை நடுக்கத்தை அடக்கும்.

பதில் 2: .357-ம் மோசமில்லை, அதில் .38 ஸ்பெஷல் என்ற வலிமை குறைந்த தோட்டாவையும் சுடலாம். 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு) காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை போடும். ஆனால் .38-இன் கூடு (தோட்டாவின் உலோக உறை) .357-ஐ விடக் குட்டை என்பதால் அறைக்குள் (சுழலும் சிலிண்டரில் தோட்டா அமரும் துளை) கரிவளையம் படியும். தேய்த்து எடுக்காவிட்டால் பிறகு போடும் .357 தோட்டா சிக்கும்.

பதில் 3: பழையது வாங்கினால் இதைப் பாருங்கள். எல்லா அறைகளும் காலிதானா என்று முதலில் உறுதிசெய்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹாமரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல்) மெதுவாகப் பின்னிழுங்கள். ஹாமர் நிற்கும்முன் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறை தவறினாலும் வேண்டாம்: குண்டு பேரலின் விளிம்பில் சீவி, ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். இன்னொன்று, வெற்றுக் கூடுகளைக் குழல்முனை மேல்நோக்கியபடி தள்ளுங்கள். எரியாத வெடிமருந்து எக்ஸ்ட்ராக்டருக்கு (கூடுகளை வெளியே தள்ளும் பாகம்) அடியில் சேர்ந்தால் சிலிண்டர் இறுகிவிடும்.